மந்தம் வந்தால் துறைமுகச் சாலையில் குறைவது லாரியா, நெரிசலா?

கடற்காகம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். துறைமுகத்தையும் நெடுஞ்சாலையையும் இணைக்கும் ஒரு சாலைக்குப் போக்குவரத்துக் கணிப்பு தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். கணிப்பில் ‘பொருளாதார மந்தம்’ என்று ஒரு சூழலையும் காட்டியாக வேண்டும். குழுவில் இருப்பவர்கள் அதை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: நாட்டின் மொத்த உற்பத்தி 2 சதவீதம் விழுந்தால் லாரியும் 2 சதவீதம் குறையும், நெரிசலும் அதே விகிதத்தில் தணியும். எனக்கு இது ஒட்டவே இல்லை. ஆனால் ஏன் ஒட்டவில்லை என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. துறைமுகத்திலோ வண்டித் தொழிலிலோ இருப்பவர்கள், 2008–09ஐயும் 2020ஐயும் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எந்தத் துறைமுகமானாலும் சரி.

---

எண்ணிக்கை_பைத்தியம்

2க்கு 2 என்பது வேலைக்கு ஆகாத கணக்கு.

2009இல் உலக உற்பத்தி சுருங்கியது ஓரிரு சதவீதம்தான். உலக வர்த்தக அமைப்பின் கணக்குப்படி சரக்கு வணிகம் அளவில் சுமார் 12 சதவீதம் விழுந்தது. கடல்வழிக் கன்டெய்னர் வணிகம் 9 சதவீதம் அளவுக்கு விழுந்தது. காரணம் எளிது. பொருளாதாரத்தில் பெரும்பங்கு சேவைகள். முடிவெட்டுவதற்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கன்டெய்னர் வேண்டாம். கன்டெய்னரில் வருவதில் நிறைய தள்ளிப்போடக் கூடிய சாமான்: சோபா, டிவி, இயந்திர பாகம், டயர். கையில் காசு இறுகினால் முதலில் தள்ளிப்போவது அதுதான்.

அதற்கு மேல் சரக்கிருப்பு என்று ஒன்று இருக்கிறது. விற்பனை 5 சதவீதம் குறைந்தால் மொத்த வியாபாரி ஆர்டரை 5 சதவீதம் குறைப்பதில்லை. கிடங்கில் இருப்பது தீரட்டும் என்று சில மாதம் ஆர்டரையே நிறுத்திவிடுவார். அதனால் துறைமுகத்தில் விழும் அடி கடையில் விழுவதைவிடப் பலமடங்கு. மீளும்போதும் இதே கதைதான், தலைகீழாக.

துறைமுகத்துக்குத் துறைமுகம் எவ்வளவு மாறும் என்று பாருங்கள். 2008க்கும் 2009க்கும் இடையில் ராட்டர்டாம் 1.08 கோடி டிஇயுவில் (20 அடிப் பெட்டியை ஒன்றாக எண்ணும் அளவு) இருந்து 97 லட்சத்துக்கு வந்தது, ஏறக்குறைய 10 சதவீதச் சரிவு. அதே கடற்கரையில் உள்ள ஹாம்பர்க் 97 லட்சத்தில் இருந்து 70 லட்சம், அதாவது 28 சதவீதம். பால்டிக் நாடுகளுக்கும் ரஷ்யாவுக்கும் சரக்கை மாற்றி அனுப்பும் வேலையை ஹாம்பர்க் பெரிய அளவில் நம்பியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் 78.5 லட்சத்தில் இருந்து 67.5 லட்சம். பக்கத்துச் சுவரான லாங் பீச் 65 லட்சத்தில் இருந்து 51 லட்சம்.

ஒரே மந்தம், ஒரே ஆண்டு. 10 முதல் 28 வரை எந்த எண்ணை எடுத்து உங்கள் சாலைக்குப் போடப்போகிறீர்கள்?

---

யார்டு_பிளானர்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். டிஇயு வேறு, லாரி வேறு. சிங்கப்பூர் 2009இல் சுமார் 40 லட்சம் டிஇயு இழந்தது. அதில் பெரும்பகுதி கப்பலில் இருந்து இறங்கி, பெட்டிகளை அடுக்கும் யார்டில் உட்கார்ந்து இன்னொரு கப்பலில் ஏறும் சரக்கு. கேட்டைத் தாண்டாத பெட்டி. அந்த எண்ணை வைத்து ஊர்ச் சாலையில் லாரி குறைந்தது என்று எழுதினால் சிரிப்பார்கள். ஹாம்பர்க்கின் 28 சதவீதத்திலும், சரக்கை மாற்றி எடுத்துப்போகும் சிறிய ஃபீடர் கப்பல்களின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் லாரி பற்றிப் பேச வேண்டும்.

மிச்சத்தையும் நேராக மாற்ற முடியாது. 40 அடிப் பெட்டி ஒன்று 2 டிஇயு. அமெரிக்க மேற்குக் கரையில் சராசரியாகப் பெட்டிக்கு 1.8 டிஇயு வரும். ஆக ஒரு லட்சம் டிஇயு என்றால் சுமார் 55,000 பெட்டி. ரயிலில் போவதைக் கழியுங்கள். மீதியுள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை ஓட்டம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இறக்குமதிப் பெட்டி ஒன்றை எடுக்க வெறும் வண்டி உள்ளே வருகிறது, லோடோடு வெளியே போகிறது, பிறகு எம்டியை, அதாவது காலிப் பெட்டியை, திருப்பித் தர உள்ளே வருகிறது, வெறும் வண்டியாக வெளியே போகிறது. ஒரு பெட்டிக்கு நான்கு ஓட்டம். எம்டியை இறக்கிவிட்டு அதே நடையில் அடுத்த லோடை ஏற்றிக்கொண்டு போனால் அது பாதியாகிவிடும். கேட்டில் நாங்கள் இதை டபுள் மூவ் என்போம். மந்த காலத்தில் டபுள் மூவ் கிடைப்பது கூடுமா குறையுமா என்பது இறக்குமதி, ஏற்றுமதி இரண்டில் எது வேகமாக விழுகிறது என்பதைப் பொறுத்தது. லாஸ் ஏஞ்சலஸில் 2009 முழு ஆண்டுக் கணக்கில் இறக்குமதி விழுந்த அளவுக்கு ஏற்றுமதி விழவில்லை. அந்த மாதிரி இடத்தில் பெட்டிக்கு ஓட்டம் குறையும். ஏற்றுமதியை நம்பிய துறைமுகத்தில் இது அப்படியே திரும்பும்.

---

பதினெட்டு_சக்கரம்

எல்லாரும் பேப்பர்ல பேசுறீங்க, நான் ஸ்டியரிங் பக்கத்துல இருந்து சொல்றேன்.

மந்தம்னா லோடு குறையும், சரி. வண்டி குறையாது. ஏன்னா வண்டிக்கு டியூ கட்டணும். லோடு இல்லைன்னு வண்டிய வீட்டு வாசல்ல நிறுத்தினா பைனான்ஸ்காரன் ஓட்டிட்டுப் போயிடுவான். வித்துடலாம்னா அந்த நேரத்துல எல்லாருமே விக்கிறான், வாங்க ஆள் இல்ல. அதனால என்ன பண்ணுவோம்? வாடகைய இறக்கி ஓட்டுவோம். இருக்கற லோடுக்குப் பத்துப் பேர் போய் வரிசைல நிப்போம்.

இந்தத் தொழில்ல ட்ரிப்புக்குத்தான் காசு. வரிசைல நிக்கற நேரத்துக்குக் காசு கிடையாது. நல்ல காலத்துல வரிசை பெருசா இருந்தா இன்னைக்கு வேணாம், நாளைக்கு எடுத்துக்கறேன்னு புக்கிங் ஆபீஸ்ல சொல்ல முடியும். மந்தத்துல வாயத் திறக்க முடியாது, அடுத்தவன் எடுத்துட்டுப் போயிடுவான். அதனால உள்ள வரச்சொல்லி குடுத்த ஸ்லாட் டைமுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் கேட்டுக்கு வெளிய ரோட்டோரம் வண்டிய ஓரம் கட்டுவோம். அங்க நாலு வண்டி நின்னாலே ஒரு லேன் போச்சு. உங்க கேமரால லாரி எண்ணிக்கை குறைஞ்சிருக்கும், ஆனா பின்னாடி கார்ல வர்றவன் முந்தி விட்ட அதே சாபத்தத்தான் விட்டுட்டிருப்பான்.

எம்டி விவகாரம் தனி. சரக்கு ஓடலைன்னா காலிப் பெட்டிக்கு வேலை இல்ல, டிப்போ நிரம்பிடும். காலைல ஒரு டெர்மினல்ல இந்த லைன் (கப்பல் கம்பெனி) எம்டி வாங்கறோம்னு மெசேஜ் வரும். போய்ச் சேர்ந்தா நிறுத்திட்டோம்பான். வேற டிப்போவுக்குப் போன்னு அனுப்புவான். அங்க போனா இந்த சைஸ் இடமில்ல. ஒரு காலிப் பெட்டிய முதுகுல வச்சிட்டு அரை நாள் ஊர்வலம் போயிருக்கேன். இந்த ஓட்டமெல்லாம் எந்தக் கணக்குல வருது?

---

நேர்வழி

ஐயா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் கடைசியில் எண் எண்தான். 100 பெட்டிக்குப் பதில் 85 பெட்டி வந்தால் சாலையில் சுமை குறைந்தே ஆக வேண்டும். இதை வைத்து, மந்தத்திலும் நெரிசல் அப்படியேதான் இருக்கும், ஆகவே ஆறு வழிச்சாலை போட்டே தீர வேண்டும் என்று ஒப்பந்தக்காரர்கள் கொடி பிடிப்பார்கள். 2007இல் போட்ட கணிப்புகளின் கதி தெரியும்தானே? லாஸ் ஏஞ்சலஸ் 2006இல் 84.7 லட்சம் டிஇயு கையாண்டது. அந்த அளவைத் தாண்ட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்து ஆண்டு.

---

எண்ணிக்கை_பைத்தியம்

அந்தப் பத்து ஆண்டு உண்மை. ஆனால் அதே மந்தத்தில் 10 சதவீதம் இழந்த ராட்டர்டாம் மறு ஆண்டே 1.1 கோடியைத் தாண்டிவிட்டது. ஹாம்பர்க் பழைய அளவை எட்ட 2014 ஆயிற்று. எட்டிய கையோடு 2015இல் மறுபடி சரிந்தது. ‘மந்தம் முடிந்தால் பழைய கோட்டுக்குத் திரும்பும்’ என்பதும் நம்பிக்கை, ‘திரும்பவே திரும்பாது’ என்பதும் நம்பிக்கை. சரக்கு வேறு துறைமுகத்துக்கு மாறிவிடலாம், தொழிற்சாலையே வேறு நாட்டுக்குப் போய்விடலாம்.

---

யார்டு_பிளானர்

> 100 பெட்டிக்குப் பதில் 85 பெட்டி வந்தால் சாலையில் சுமை குறைந்தே ஆக வேண்டும்

ஆண்டு மொத்தத்தில் குறையும், அதை யாரும் மறுக்கவில்லை. நெரிசல் ஆண்டு மொத்தத்தில் உருவாவதில்லை. செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு எத்தனை வண்டி வந்தது, அப்போது எத்தனை கேட் திறந்திருந்தது என்பதில் உருவாகிறது. மந்தம் இந்த இரண்டையுமே கெடுக்கிறது.

முதலில் கப்பல் பக்கம். சரக்கு குறையும்போது லைன்கள் எல்லாக் கப்பலையும் முக்கால் வயிறாக ஓட்டுவதில்லை. நடையை ரத்து செய்வார்கள். வாரம் 5 கப்பல் வந்த இடத்தில் 4 வரும், அல்லது ஒரு வாரம் 3, அடுத்த வாரம் 5. 2009 முடிவில் உலகக் கன்டெய்னர் கப்பல் கொள்ளளவில் 10 சதவீதத்துக்கு மேல் நங்கூரமிட்டுச் சும்மா நின்றது. ஓடிய கப்பல்களும் எரிபொருளை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்தன. ரத்தான நடையின் சரக்கு அடுத்த கப்பலில் ஏறும். வந்து நிற்கும் ஒரே கப்பலில் இருந்து முன்பைவிட அதிகப் பெட்டி இறங்கும். இரண்டு நாள் கேட் வாசல் கொதிக்கும், பிறகு மூன்று நாள் ஈ ஓட்டுவோம்.

இது மந்தத்தோடு முடிவதும் இல்லை. கப்பல் வாடகை தரைதட்டிய 2015, 2016இல் லைன்கள் ஒன்றையொன்று விழுங்கின. காஸ்கோவும் சைனா ஷிப்பிங்கும் இணைந்தன. சிஎம்ஏ சிஜிஎம் என்ஓஎல்லை வாங்கியது. ஜப்பானின் மூன்று பெரிய லைன்கள் தங்கள் கன்டெய்னர் தொழிலை ஒன்றாக்கி 2018இல் ‘ஒன்’ என்ற பெயரில் ஓட ஆரம்பித்தன. கப்பல் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் பெரிது. 2006இல் 15,000 டிஇயு கப்பல் உலக அதிசயம், இன்று 24,000. ஆண்டுக்கு அதே சரக்குதான் என்றாலும் சாலைக்கு அது பெரிய பெரிய கட்டிகளாக வந்து சேர்கிறது.

அடுத்து டெர்மினல் பக்கம். வருமானம் குறைந்தால் முதலில் வெட்டு விழுவது கேட் நேரத்தில்தான். இரவு ஷிஃப்ட் போகும், சனிக்கிழமை போகும், 12 லேனில் 7 திறந்திருக்கும். லாரி 15 சதவீதம் குறைய, கேட் 30 சதவீதம் குறைந்தால் வரிசை என்ன ஆகும் என்று நேர்வழி அவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரவு கேட் என்பது சாலைக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே சாட்சி: லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் இரண்டிலும் 2005 ஜூலையில் ‘பியர்பாஸ்’ திட்டம் வந்தது. பகலில் பெட்டி எடுப்பவரிடம் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் இரவு, சனிக்கிழமை கேட்டை நடத்தினார்கள். கட்டணமே பெட்டிக்கு இவ்வளவு என்று வரும்போது, பெட்டி குறைந்தால் இரவு கேட்டுக்கான பணமும் குறையும்.

---

சாலையோரம்

நான் தொழில்காரன் இல்லை. துறைமுகச் சாலையின் புகையைச் சுவாசிக்கிறவன் என்ற தகுதியில் கேட்கிறேன். 2009இல் லாங் பீச் பக்கம் காற்று தெளிவானது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் மந்தத்தில் ஒரு நன்மையாவது இருக்கிறதே?

---

எண்ணிக்கை_பைத்தியம்

அங்கே இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடந்தது. பிரித்துப் பார்க்காவிட்டால் ஏமாந்துபோவோம். அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தது 2008 செப்டம்பர் 15. அந்த இரு துறைமுகங்களின் ‘தூய லாரித் திட்டம்’ தொடங்கியது 2008 அக்டோபர் 1, அன்று முதல் 1989க்கு முந்தைய மாடல் லாரிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் 2007 உமிழ்வுத் தரத்துக்குக் குறைந்த வண்டி எதுவுமே நுழைய முடியாது என்று படிப்படியாக இறுக்கினார்கள். லாரி குறைந்ததாலும் புகை குறைந்தது, லாரி புதிதானதாலும் குறைந்தது. சரக்கு திரும்பி வந்தபிறகும் நிலைத்தது இரண்டாவதுதான்.

விதிமுறை இல்லாத இடத்தில் மந்தம் எதிர்த்திசையில் வேலை செய்யும். புது வண்டி வாங்க ஆளிருக்காது, பழைய எஞ்சினை இன்னும் நாலு வருஷம் இழுப்பார்கள். வரிசையில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் ஐடிலிங் வேறு.

---

பதினெட்டு_சக்கரம்

இழுப்போம் இல்ல, இழுத்தோம். டயர் கட்டை ஆனாலும் ரீட்ரெட், சர்வீஸ் தேதி வந்தாலும் அடுத்த மாசம் பாத்துக்கலாம். நடுரோட்டுல பிரேக்டவுன் ஆகி நின்னா அதுவும் உங்க நெரிசல் கணக்குலதான் சேரும்.

---

கடற்காகம்

நிறைய தெளிவாகிறது, எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, மந்தம் தொடங்கிய உடனே லாரி குறையுமா, எத்தனை மாதம் பிந்தும்? இரண்டு, சாலையின் தளம் தேய்வதும் இதே விகிதத்தில்தான் குறையுமா? பராமரிப்புச் செலவுக் கணக்கு அதில்தான் நிற்கிறது.

---

யார்டு_பிளானர்

முதல் கேள்விக்கு. இன்றைக்குக் கடையில் விற்பனை நின்றாலும் இரண்டு மூன்று மாதம் முன்பு ஆர்டர் போட்ட சரக்கு கடலில் வந்துகொண்டே இருக்கும். வந்து இறங்கும், எடுக்க ஆள் வராது. கிடங்கு நிறைந்திருக்கும். துறைமுக யார்டே கிடங்காகிவிடும். 2008 கடைசியில் லாங் பீச்சில் இறக்குமதிக் கார்கள் விற்பனையாளர்களால் எடுக்க முடியாமல் குவிந்து கிடந்தன, நிறுத்திவைக்கத் துறைமுக நிலத்தைக் கூடுதலாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதே மாதங்களில் பழைய அட்டை, கழிவுத்தாள் விலை சரிந்து ஆசியாவுக்குப் போகும் ஏற்றுமதி லோடும் திணறியது.

யார்டு நிரம்பினால் அடுக்கு உயரும். நாலு பெட்டி அடுக்கில் அடியில் உள்ளதை எடுக்க மேலே உள்ள மூன்றையும் நகர்த்த வேண்டும். லாரி உள்ளே நிற்கும் நேரம் கூடும், வால் வெளியே நீளும். ஆகவே மந்தத்தின் முதல் இரண்டு மூன்று மாதத்தில் லாரி குறைந்து வரிசை கூடுவது சாதாரணம். உங்கள் மந்தச் சூழலில் இந்தக் கட்டத்தைத் தனியாகக் காட்டுங்கள்.

ஒரு லைன் திவாலானால் இன்னும் மோசம். 2016 ஆகஸ்ட் கடைசியில் ஹன்ஜின் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியபோது அது உலகின் ஏழாவது பெரிய லைன். கப்பல்களைத் துறைமுகங்கள் உள்ளே விடவில்லை, காரணம் கூலி யார் தருவார்கள் என்று தெரியவில்லை. அதைவிட வண்டிக்காரர்களை வாட்டியது எம்டி. ஹன்ஜின் பெயர் போட்ட காலிப் பெட்டியைப் பல டெர்மினல்கள் திரும்ப வாங்க மறுத்தன. பெட்டி, அதைத் தாங்கும் சக்கரச் சட்டமான சேசிஸ் மேலேயே உட்கார்ந்திருக்கும், சேசிஸ் சிக்கினால் அடுத்த லைனின் லோடை எடுக்க முடியாது. சாலையில் சரக்கு இல்லை, சேசிஸும் இல்லை. இப்படி ஒரு பற்றாக்குறை வரும் என்று எந்தக் கணிப்பு மாடலிலும் நான் பார்த்ததில்லை.

---

எண்ணிக்கை_பைத்தியம்

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. தளம் தேய்வது வண்டி எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில் போவதில்லை, அச்சுச் சுமையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கோடு போகிறது. அமெரிக்காவில் 1950களின் இறுதியில் நடந்த ஆஷோ சாலைச் சோதனையில் இருந்து வந்த விதி இது. அச்சுச் சுமை பாதியானால் சேதம் பதினாறில் ஒன்று. 40 அடி எம்டியின் எடை 4 டன்னைச் சுற்றித்தான். லோடு ஏற்றினால் 25, 30 டன் வரை போகும். ஆகவே மந்தத்தில் லோடு வண்டி குறைந்து எம்டியும் வெறும் வண்டியும் அலைந்தால், எண்ணும் கருவியில் லாரி 10 சதவீதம்தான் குறைந்ததாகத் தெரியும், ஆனால் தளத்தின் தேய்மானம் அதைவிட மிகவும் அதிகமாகக் குறைந்திருக்கும். நெரிசலை நம்பி மந்த ஆண்டில் தளப் பராமரிப்பைக் கூட்டாதீர்கள். அது இரண்டும் வேறு வேறு கணக்கு.

---

பதினெட்டு_சக்கரம்

கன்டெய்னருக்கு அது சரி. நிலக்கரி, தாது ஏத்துற டிப்பருக்கு ஒத்து வராது. அங்க டன்னுக்குத்தான் வாடகை. வாடகை இறங்கினா அதே டீசல்ல ரெண்டு டன் கூட ஏத்தினாத்தான் மிஞ்சும். மந்தத்துலதான் ஓவர்லோடு ஜாஸ்தி. உங்க துறைமுகத்துல பெட்டி எத்தனை, பெட்டில வராம அப்படியே கொட்டி ஏத்துற மொத்தச் சரக்கு எத்தனைன்னு மொதல்ல பாருங்க.

---

எண்ணிக்கை_பைத்தியம்

நல்ல பாயின்ட். மொத்தச் சரக்கு பற்றி ஒரு எச்சரிக்கை: பால்டிக் டிரை குறியீட்டைப் பார்த்து லாரி கணிக்காதீர்கள். 2008 மேயில் 11,793 இருந்தது, டிசம்பரில் 663. அது கப்பல் வாடகை, சரக்கின் அளவு அல்ல. தாது 94 சதவீதம் குறைந்துவிடவில்லை. உடனடிக் குறியீடு வேண்டுமென்றால் ஜெர்மனி 2020இல் இருந்து பெரிய லாரிகளின் சுங்கச் சாலை ஓட்டத்தை நாள்வாரியாக வெளியிடுகிறது. தொழில் உற்பத்திப் புள்ளிவிவரம் வருவதற்குப் பல வாரம் முன்பே திசை தெரிந்துவிடும்.

---

நேர்வழி

சரி, மந்தத்தில் நெரிசல் எண்ணிக்கையோடு இறங்காது என்பதை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் கேட் நேரம், எம்டி எங்கே வாங்குவது, ஸ்லாட் நிர்வாகம். இதில் எதற்கும் கூடுதல் லேன் மருந்தில்லையே?

---

யார்டு_பிளானர்

மந்தத்தில் மருந்தில்லை, அதில் உங்களோடுதான் இருக்கிறேன். லேன் விஷயம் மீட்சியில் வரும். 2020 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் முந்தைய ஆண்டைவிட 30 சதவீதத்துக்கு மேல் கீழே இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 9.8 லட்சம் டிஇயு. 2021 மேயில் ஒரே மாதம் 10 லட்சத்தைத் தாண்டியது. வசந்தத்தில் வீட்டுக்கு அனுப்பிய ஆட்கள் இலையுதிர் காலத்தில் திரும்பக் கிடைக்கவில்லை. 2022 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் இரண்டுக்கும் சேர்த்து வெளியே 100க்கு மேற்பட்ட கப்பல் காத்திருந்தன, உள்ளே சேசிஸ் இல்லை, கிடங்கில் இடமில்லை. அப்போதும்கூட சிக்கியது சாலை அகலத்தில் இல்லை என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டை போட நிறையப் பேர் இருப்பார்கள்.

---

பதினெட்டு_சக்கரம்

ஆள் எங்க போனான்னு கேக்கறீங்களா? வண்டி வித்துட்டு வேற வேலைக்குப் போயிட்டான். நானே கொஞ்ச நாள் பஸ் ஓட்டினேன். சம்பளம் மாசம் ஒண்ணாந்தேதி வருது, வரிசை கிடையாது. திரும்ப வர்றதுக்கு வாடகைய ரெண்டு மடங்கு ஆக்கினாங்க, அப்புறம்தான் வந்தேன்.

---

கடற்காகம்

மந்தச் சூழலை மூன்றாக உடைக்கச் சொல்லிக் குழுவுக்கு எழுதப்போகிறேன்: சரக்கு தேங்கும் முதல் சில மாதம், நடை ரத்தாகிக் கட்டியாக வரும் நடுப்பகுதி, ஆளில்லாத மீட்சி. ஒவ்வொன்றுக்கும் மணிவாரி எண்ணிக்கை வேண்டும். டெர்மினல்களிடம் கேட் தரவு கேட்கலாம் என்றிருக்கிறேன். எதையெதைக் கேட்க வேண்டும்?

---

யார்டு_பிளானர்

மணிவாரி உள்ளே, வெளியே. லோடு, எம்டி, வெறும் வண்டி தனித்தனியாக. அந்தந்த நேரத்தில் எத்தனை லேன் திறந்திருந்தது என்பதும் சேர்த்து. கூடவே கப்பல் வந்த தேதியும் ஒவ்வொரு கப்பலிலும் எத்தனை பெட்டி இறங்கியது என்பதும்.

ஒன்றை மட்டும் அழுத்திக் கேளுங்கள். கேட் தரவு என்று அவர்கள் தருவது வெற்றிகரமாக முடிந்த பரிவர்த்தனைகள் மட்டும்தான். பேப்பர் சரியில்லை, எம்டி வாங்குவதில்லை, ஸ்லாட் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பிய வண்டி அதில் இருக்காது. அந்த வண்டிகளுக்கு ட்ரபிள் டிக்கெட் என்று தனிப் பதிவு இருக்கும். மந்த மாதங்களின் ட்ரபிள் டிக்கெட் எண்ணிக்கையை வாங்கிவிட்டால், பதினெட்டு_சக்கரம் அண்ணன் எம்டியோடு சுற்றிய அரை நாள் எந்தக் கணக்கில் வருகிறது என்று உங்களுக்குக் கிடைத்துவிடும். கேட்டால் முதலில் இல்லை என்பார்கள். இருக்கிறது.